டீ இருக்கட்டும், முதலில் குவாட்டரைப் பார்ப்போம்

கேள்வி: எனக்கு வயது 43. நாமக்கல் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. தினம் பதினைந்து சிகரெட், ஏழெட்டு டீ, ராத்திரி ஒரு குவாட்டர். கணக்கு செட்டில் ஆகிற நாட்களில் ஆஃப் வரை போகும். காலையில் எழுந்ததும் கை லேசாக நடுங்குகிறது. டீ அதிகமாகிவிட்டதால் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு வருடம் முன்பு, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் குடி, சிகரெட் இரண்டையும் சுத்தமாக நிறுத்தினேன். ஒன்றுமே ஆகவில்லை. அந்தத் தைரியத்தில் போன ஆடிப்பெருக்கு அன்று டீயையும் சேர்த்து மூன்றையும் ஒரேயடியாக விட்டேன். மறுநாளே தலை பிளந்தது, வியர்த்துக் கொட்டியது, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். இரண்டாம் ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. கை மேல் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு கட்டிங் போட்டதும் எல்லாம் அடங்கிவிட்டது. ‘உங்களுக்கு மன உறுதி பத்தாது’ என்கிறாள் மனைவி. வருகிற தை ஒன்றிலிருந்து மறுபடி மூன்றையும் விடப்போகிறேன். ஒவ்வொன்றாக விடு என்கிறார் நண்பர். எது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மனநல மருத்துவர்

நண்பருக்கு வணக்கம். குடியையும் சிகரெட்டையும் ஒரே வாரத்தில் விடலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம், மருத்துவமனையில் படுத்துக்கொண்டு விடுங்கள். டீயை விடவே வேண்டாம். பாதியாகக் குறைத்தால் போதும். தை பிறக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. பதில் இவ்வளவுதான். ஏன் என்று இனி சொல்கிறேன்.

முதலில் அந்தக் கை நடுக்கம். டீ அதிகமானாலும் கை நடுங்கும், உண்மைதான். ஆனால் அது டீ உள்ளே போன பிறகு வருகிற நடுக்கம். உங்களுக்கோ எழுந்ததுமே, முதல் டீக்கு முன்னாடியே நடுங்குகிறது. ஒரு குவாட்டர் என்றால் 180 மில்லி. நம் ஊர் பிராந்தி, விஸ்கி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். கல்லீரல் அதை மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வீதம்தான் கரைக்கும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்தது விடிகிற நேரத்தில்தான் ரத்தத்தைவிட்டு இறங்கி முடிகிறது. அந்த நேரம் பார்த்துக் கை நடுங்கினால், ‘எங்கே அடுத்தது?’ என்று உடம்பு கேட்கிறது என்று அர்த்தம். டீயின் மேல் பழி போட வேண்டாம்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் நடந்ததைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பகுதிதான். மூன்று வெவ்வேறு பொருட்கள் ஒரே சமயத்தில் நின்றதால், மூன்று வெவ்வேறு தொந்தரவுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. நீங்கள் அதை ஒரே வேதனையாக அனுபவித்திருக்கிறீர்கள்.

தலை பிளந்தது டீ நின்றதால். தினம் காஃபீன் போய்ப் பழகிய உடம்பில் அது நின்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாள் உச்சத்தில் இருக்கும், ஒரு வாரம் பத்து நாளுக்குள் தானாகப் போய்விடும். சோர்வு, கொட்டாவி, வேலையில் மனம் ஓடாமை எல்லாம் கூடவே வரும். ஆபத்து எதுவும் கிடையாது, வெறும் அவஸ்தை. (தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் காஃபீனும் சேர்த்திருப்பார்கள். ‘ஒரு மாத்திரை போட்டேன், டக்கென்று கேட்டது’ என்று சிலர் சொல்வதன் ரகசியம் அதுதான்.)

எரிச்சலில் பெரும் பங்கு சிகரெட்டுக்கு. நிகோடின் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் விட்ட அன்றைக்கே ‘ஒன்று பற்றவை’ என்கிற நமைச்சல் தொடங்கி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணியும். இதிலும் உயிருக்கு ஆபத்து இல்லை. வீட்டில் இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

வியர்வை, கை நடுக்கம், தூக்கமே வராத ராத்திரி, இல்லாத எறும்பு, இந்த நான்கும் குடி நின்றதால் வந்தவை. இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆல்கஹால் மூளைக்குப் பிரேக் மாதிரி வேலை செய்யும். தினமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டி ஓட்டினால், அதை மீறி ஓடுவதற்காக மூளை ஆக்சிலேட்டரைக் கூட்டிக்கொண்டே போகும். ஒரு நாள் திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தறிகெட்டு ஓடும். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் ஆரம்பிக்கும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: ஆள் அடையாளம் தெரியாது, சுவரில் பூச்சி தெரியும், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காய்ச்சல் ஏறும். சிகிச்சை கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தில் உயிரே போகலாம். உங்களுக்கு ஊர்ந்த எறும்பு அந்தப் பாதையில் ஒரு மைல் கல். மூன்றாம் நாள் காலையில் நீங்கள் போட்ட கட்டிங், காலை மறுபடி பிரேக்கில் வைத்ததுதான். அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் எல்லாம் அடங்கியது.

இதை உங்கள் மனைவி படித்தால் நல்லது. அம்மா, அவர் தோற்றது மன உறுதி இல்லாமல் இல்லை. உடம்பு கொடுத்த வலிப்பு எச்சரிக்கையை மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருக்கிறார். மன உறுதி கொஞ்சம் அதிகமாகவே இருந்திருக்கிறது; இன்னும் ஒரு நாள் தாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மாலை போட்டபோது ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கிறீர்கள். அப்போது வாரம் ஒரு நாள் குடித்தீர்கள். மீதி ஆறு நாள் உடம்பு குடி இல்லாமல்தான் ஓடியது, அதனால் நிறுத்தியபோது அதற்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது தினம். அதோடு, இந்தத் தினக்குடியை நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் தொந்தரவு முன்னதைவிடக் கடுமையாகிற போக்கு உண்டு. தை ஒன்று ஆடிப்பெருக்கைவிட மோசமாகப் போகலாம். கார்த்திகை முதல் வாரத்தில் மாலை போட்ட கையோடு வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு வரப்படுகிறவர்களை என் துறையில் இருக்கிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் ஒரே நாளில் மூடியபோது இதுவே பெரிய அளவில் நடந்தது. குடிக்காமல் இருந்ததாலேயே புத்தி தடுமாறி மருத்துவமனைக்கு வந்தவர்கள் அந்த வாரங்களில் அதிகம்.

ஆகவே செய்ய வேண்டியது இது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு போய், எனக்கு எழுதியதை அப்படியே அங்கே சொல்லுங்கள். முக்கியமாக அந்த எறும்பைச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு அதை விட்டுவிட்டால், மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. உங்கள் விஷயத்தில் வார்டில் சேர்ந்து சிகிச்சை எடுப்பதுதான் சரி. பொதுவாக ஐந்திலிருந்து ஏழு நாள். குளோர்டயஸிபாக்சைடு அல்லது லோராஸிபாம் வகை மருந்தை முதல் நாள் தேவையான அளவு கொடுத்து, தினம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள். பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுக்கிற வேலையை அந்த மருந்து செய்யும். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசியாகப் போடுவார்கள். தினம் குடிப்பவர்கள் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கே கெடுதல் வரலாம். ‘ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க, தெம்பா இருக்கும்’ என்று தெருமுனை கிளினிக்கில் கேட்கிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு, அதனால்தான் இதைச் சொல்கிறேன். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கி நீங்களே இந்த வைத்தியத்தைச் செய்துகொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். குடியோடு சேர்ந்தால் அது மூச்சையே நிறுத்தும்.

மருத்துவரைப் பார்க்கிற வரைக்கும் குடியைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். அதற்காகக் கூட்டவும் வேண்டாம். இதற்கு நடுவில் ஏதோ ஒரு காரணத்தால் குடிக்காமல் போய் வலிப்போ, ஆள் தெரியாமல் பேசுவதோ வந்தால் வீட்டில் இருப்பவர்கள் 108-ஐ அழைக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஊருக்கு வெளியே காம்பவுண்டு சுவர் கட்டி, ‘மறுவாழ்வு மையம்’ என்று போர்டு போட்ட இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்லவையும் இருக்கின்றன. ஆனால் மனநல பராமரிப்புச் சட்டம் 2017-இன் கீழ் பதிவு இருக்கிறதா, மருத்துவர் தினமும் வருகிறாரா என்று கேட்காமல் போய்ச் சேராதீர்கள். மூன்று மாதம் பூட்டி வைப்பதும் அடிப்பதும் சிகிச்சை கிடையாது.

அடுத்தது சிகரெட். ஒவ்வொன்றாக விடு என்று சொன்ன நண்பர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆராய்ச்சிகளும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவில் குடிக்கான சிகிச்சையில் இருந்தவர்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் புகையையும் அப்போதே விட உதவி, இன்னொரு பிரிவுக்கு ஆறு மாதம் கழித்து உதவி என்று செய்து பார்த்ததில், இரண்டையும் சேர்த்து விட்டவர்கள் குடியில் சற்று அதிகமாகச் சறுக்கினார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதோ, புகைக்கும் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்கள் நீண்ட காலத்தில் குடியிலிருந்து விலகி நிற்பது கூடுதலாக இருந்தது. பொதுவாக என்னைக் கேட்டால், ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். உங்களுக்குச் சேர்த்து விடச் சொல்வதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. எப்படியும் வார்டில் ஒரு வாரம் பீடி, சிகரெட் கிடையாது. கஷ்டமான முதல் மூன்று நாட்களும் அங்கேயே கழிந்துவிடும். வெளியே வந்து மறுபடி பற்றவைத்து, பிறகு அதை விட இன்னொரு நாள் பார்ப்பானேன்? இரண்டாவது காரணம், கையில் டம்ளர் இல்லாதபோதும் சிகரெட் இருந்தால் அது டம்ளரைத் தேடும்.

அதற்காக வெறுங்கையோடு விட வேண்டியதில்லை. தோலில் ஒட்டிக்கொள்கிற நிகோடின் பட்டையும் நிகோடின் சூயிங்கமும் இருக்கின்றன. காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்றால் நான்கு மில்லிகிராம் கம், அதற்குப் பிறகுதான் என்றால் இரண்டு மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. மருத்துவர் உங்களுக்கு ஏற்றதைச் சொல்வார். அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று தள்ளினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். நாலைந்து தடவை மெதுவாக மெல்லுங்கள், நாக்கில் சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்ளுங்கள், காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். டீ, காபி, சோடா குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் நிகோடின் சரியாக உள்ளே இறங்காது. ‘கம் வேலை செய்யவில்லை’ என்று சொல்கிற பலர் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு அதை மெல்கிறவர்கள்தான்.

இன்னொன்று. சிகரெட்டை விடுவதற்கு பியூப்ரோபியான் என்று ஒரு மாத்திரை உண்டு. நல்ல மருந்து, ஆனால் வலிப்பு சுலபமாக வரும்படி செய்துவிடும். குடியைத் திடீரென நிறுத்துகிறவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது. யாராவது நண்பர் தனக்குக் கேட்டது என்று அட்டையை நீட்டினால் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது டீ. மூன்றிலேயே சாதுவானது என்று எல்லோரும் நினைப்பது, அது சரியும்கூட. ஆனால் டீக்கும் சிகரெட்டுக்கும் நடுவில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு ஓடுகிறது. சிகரெட் புகையில் இருக்கிற தார் வகைப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை (என்சைம்) தூண்டிவிடும். காஃபீனை உடைத்து வெளியேற்றுவது அதே நொதிதான். ஆகவே புகைப்பவர் உடம்பில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கரைந்துவிடும். எட்டு டீ குடித்தும் உங்களுக்குத் தூக்கம் வந்தது இதனால்தான். சிகரெட்டை நிறுத்தி ஒரு வாரத்துக்குள் அந்த நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். பட்டையோ கம்மோ அதைத் தூண்டாது, ஏனென்றால் தூண்டுவது புகை, நிகோடின் இல்லை. அப்போது அதே எட்டு டீ குடித்தால் ரத்தத்தில் காஃபீன் இரண்டு மடங்காக ஏறி நிற்கும்.

விளைவு என்ன? நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ராத்திரி இரண்டு மணிக்கும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். சிகரெட்டை விட்டதால்தான் இப்படி என்று உங்களுக்குத் தோன்றும். ஒன்று பற்றவைத்தால் சரியாகிவிடும் என்றும் தோன்றும். எத்தனையோ பேர் ஐந்தாம் நாள், ஆறாம் நாள் திரும்பிப் போவதில் இந்த டீக்கு ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். அடியோடு நிறுத்தினாலோ தலைவலி. அதனால் நடு வழி: எட்டை நாலாக்குங்கள். சிகரெட் நிற்கிற அதே வாரத்தில் குறைத்தால், உள்ளே இருக்கிற காஃபீன் அளவு பெரிதாக மாறாது, தலையும் வலிக்காது. கடைசி டீ மதியம் மூன்று மணிக்கு முன்பு. அப்புறம் இரண்டு மூன்று மாதம் கழித்து டீயே வேண்டாம் என்று தோன்றினால், நாலைந்து நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். தோன்றாவிட்டால் குடித்துக்கொண்டு சந்தோஷமாக இருங்கள். நாலு டீ யாரையும் கெடுத்ததில்லை. அதில் போடுகிற சர்க்கரையை வேண்டுமானால் கொஞ்சம் பார்க்கலாம்.

டீயைவிட டீக்கடைதான் பிரச்சினை. கல்லாவுக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் லைட்டர், சில்லறைக்குப் பதிலாக நீட்டப்படும் ஒற்றை சிகரெட், பெஞ்சில் ஏற்கெனவே புகைத்துக்கொண்டிருக்கிற இரண்டு டிரைவர்கள். அங்கே போய் நின்றுகொண்டு டீ மட்டும் குடித்துவிட்டு வருவேன் என்பதெல்லாம் முதல் மாதத்தில் நடக்கிற காரியம் இல்லை. பிளாஸ்க்கில் வாங்கி ஆபீஸுக்கே வரவழையுங்கள். ஒரு நமைச்சல் எழுந்தால் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு லாரிக்குப் போன் போட்டு எங்கே வருகிறது என்று கேட்டுவிடலாம்.

சாயங்காலம்தான் நீளமாக இருக்கும். வெறும் வயிற்றில்தான் குடி ஆசை அதிகம் என்பதால் ஏழு மணிக்கே சோறு சாப்பிட்டுவிடுங்கள். ஒன்பது மணிக்குப் பசித்தால் இன்னொரு தடவை சாப்பிடுங்கள், தப்பில்லை. இனிப்பு கேட்கும், கொடுங்கள். முதல் வருடத்தில் நாலைந்து கிலோ ஏறலாம். அதை அப்புறம் பார்த்துக்கொள்வோம். மாலை போட்டபோது உங்களுக்கு எது கைகொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். சாமி என்று கூப்பிட்டார்கள், யாரும் ஊற்றிக் கொடுக்கவில்லை, சாயங்காலம் பஜனைக்குக் கூட்டம் இருந்தது, டீயை யாரும் தடுக்கவில்லை. அந்த ஏற்பாட்டைக் கறுப்பு வேட்டி இல்லாமலே செய்துகொள்ள முடியும். ஆபீஸில் ‘டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார், கல்லீரல் சரியில்லை’ என்று சொல்லிவிடுங்கள். நம் ஊரில் ‘விட்டுவிட்டேன்’ என்றால் வற்புறுத்துவார்கள், ‘கல்லீரல்’ என்றால் விட்டுவிடுவார்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் தமிழில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளைக் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்துக் கொடுப்பார்கள். டைசல்ஃபிராம் என்பது வேறு ரகம்: அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். உங்களுக்குத் தெரிந்து, நீங்கள் சம்மதித்துத்தான் போட வேண்டும். குழம்பில் கலந்து கொடுக்கச் சொல்லி யாராவது உங்கள் மனைவியிடம் யோசனை சொல்லியிருந்தால், அது விபரீதத்தில் முடியும் என்று இந்தப் பத்தியைக் காட்டுங்கள். அந்த மருந்து எடுக்கிறவர் இருமல் மருந்தின் லேபிளையும், ஆயுர்வேத அரிஷ்டங்களையும் பார்த்துத்தான் குடிக்க வேண்டும். அரிஷ்டத்தில் புளிப்பதால் உண்டாகிற ஆல்கஹால் இருக்கும்.

நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. புகையிலைக்கென்று 1800-11-2356, உங்கள் சிகரெட் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை வருடமாகத் தினக்குடி, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, ஆடிப்பெருக்குக்குப் பிறகு நடந்தது, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை உண்டா. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் மாதிரி ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். டீ விஷயத்தில் சொன்ன அதே நொதிதான் அதையும் கரைக்கிறது, சிகரெட் நின்றதும் அதன் அளவையும் மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும்.